வாய் வைக்காமல் சைபன் தொடங்குவது எப்படி: பீர் காய்ச்சும் மாப்பிள்ளைக்கு ஒரு பதில்

அக்கா மகன் பர்மிங்காமில் வேலை பார்க்கிறான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவன், அங்கே போய் வீட்டில் பீர் காய்ச்சக் கற்றுக்கொண்டிருக்கிறான். பொங்கலுக்கு வந்தவன் புதுச்சேரி முதலியார்பேட்டையில் என் வீட்டுக்கு வந்து ஒரு சந்தேகம் கேட்டான்.

“மாமா, 20 லிட்டர் பீர் நொதித்து முடிந்ததும் பாட்டிலில் அடைக்கிற பக்கெட்டுக்கு மாற்ற வேண்டும். மேல் பாத்திரத்திலிருந்து கீழ்ப் பாத்திரத்துக்கு டியூப் வழியாகத் தானாக இறங்குகிற சைபன் முறைதான். அதை டியூபை வாயில் வைத்து உறிஞ்சித்தான் ஆரம்பிக்கிறேன். வாய் பட்டால் பீர் கெட்டுவிடும் என்று கூட இருப்பவன் பயமுறுத்துகிறான். ஒரு மடக்கு வோட்காவைக் கொப்பளித்துவிட்டு உறிஞ்சினால் போதும் என்று இன்னொருவன் சொல்கிறான். எது சரி?”

பாதியை அன்றைக்கே மொட்டை மாடியில் செய்து காட்டினேன். மீதியையும் எழுதிக் கொடுங்கள் என்றான். சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையின் ஆய்வகத்தில் 22 வருடம் இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு பிரான்சில் மகள் வீட்டில் ஆறு வருடம் இருந்தபோது மருமகனோடு சேர்ந்து பீர் காய்ச்சினேன். இரண்டும் சேர்ந்ததால் இந்த விஷயத்தில் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

மாப்பிள்ளை, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். வாய் வேண்டாம், வோட்காவும் வேண்டாம். டியூபைத் தண்ணீரால் நிரப்பிக்கொண்டு ஆரம்பி. நம்ம ஊர்க் கொத்தனார் மட்டம் பார்க்க டியூபில் தண்ணீர் நிரப்புகிறாரே, அதே வேலைதான்.

அதற்கு முன் சட்டத்தைப் பற்றி இரண்டு வரி. இங்கிலாந்தில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை, விற்கத்தான் கூடாது. இங்கே அப்படி இல்லை. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. புதுச்சேரியில் கடைக்குக் கடை பாட்டில் அடுக்கியிருந்தாலும், 1970ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிக்கக் கூடாது. ஆகவே லீவுக்கு வரும்போது பெட்டியில் ஈஸ்ட் பாக்கெட்டோடு வந்து உன் அம்மா வீட்டில் சோதனை செய்துவிடாதே. சித்திரை வெயிலில் அது நன்றாகவும் வராது. 20 டிகிரி பக்கம் வேலை செய்ய வேண்டிய ஏல் (ஒரு வகை பீர்) ஈஸ்ட் நம்ம ஊர்ச் சூட்டில் சுவையைக் கெடுக்கிற கனமான ஆல்கஹாலைத்தான் அதிகம் தரும்.

சரி, சைபன்.

நான் ஏன் வாயை இவ்வளவு வெறுக்கிறேன் என்றால், அதற்கு ஒரு கதை உண்டு. 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததே, நீ அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாய். மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து நாள் கணக்கில் கரண்ட் இல்லை. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற நாலு வீட்டார் சேர்ந்து ஒரு சின்ன ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தோம். அதற்குப் பெட்ரோல் வேண்டுமே. என் ஸ்கூட்டர் டாங்கில் டியூபை விட்டு வாயால் இழுத்தேன். ஆய்வகத்தில் வருடக்கணக்காகப் பாடம் எடுத்தவன்தான், அவசரத்தில் புத்தி வேலை செய்யவில்லை. ஒரு மடக்கு உள்ளே போனது, இருமலில் கொஞ்சம் மூச்சுக்குழாய்க்கும் போனது. வாந்தி எடுக்க வைக்கலாம் என்று பக்கத்து வீட்டார் உப்புத் தண்ணீரோடு வந்தார். நல்லவேளையாக ஒருவர் தடுத்தார். பெட்ரோல், மண்ணெண்ணெய் விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. மேலே வரும்போது அது நுரையீரலுக்குள் போய்விட்டால் அங்கே புண்ணாக்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டு வந்தேன்.

பெட்ரோலில் ஆபத்து உறிஞ்சுகிறவனுக்கு. பீரில் அது தலைகீழ்: ஒரு வாய் பீர் உன்னை ஒன்றும் செய்யாது, உன் வாய்தான் பீரைக் கெடுக்கும். எவ்வளவு பல் தேய்த்தாலும் வாயில் லாக்டோபாசில்லஸ் போன்ற பாக்டீரியாக்கள் குடியிருக்கும். தயிர் உறைய வைக்கிற கூட்டத்தின் சொந்தக்காரர்கள். மாவு புளிக்க அவர்களை வரவேற்கிறோம், பீரில் வேண்டாத விருந்தாளிகள்.

நேர்மையாகச் சொன்னால், வாய் வைத்த பீரெல்லாம் கெட்டுவிடாது. நொதித்து முடிந்த பீரில் 5 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது, புளிப்பு இருக்கிறது, ஹாப்ஸ் என்கிற பூவின் கசப்பு இருக்கிறது. இந்த மூன்றையும் தாண்டி வளர்வது பல கிருமிகளுக்குக் கஷ்டம். உனக்கு இதுவரை ஒன்றும் ஆகாததற்கு அதுதான் காரணம். ஆனால் லாக்டோபாசில்லஸ் குடும்பத்தில் ஹாப்ஸைச் சமாளிக்கக் கற்ற சில வகைகள் உண்டு. அதில் ஒன்று உள்ளே போனால் நொதித்தல் முடிந்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பாட்டிலில் அடைத்து மாதம் ஒன்றாகும்போது, ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்ட மாவுச் சர்க்கரைகளைக் கூட இந்தக் கிருமி தின்னத் தொடங்கலாம். பீர் புளிக்கும், வாயு ஏறும். மூடி இறுக்கமாக இருந்தால் கண்ணாடி வெடிக்கும். நள்ளிரவில் அலமாரிக்குள் பட்டாசு மாதிரி ஒரு சத்தம் கேட்டு எழுந்துபோய்ப் பார்த்தால் தரையெல்லாம் கண்ணாடித் துண்டும் நுரையும். பிரான்சில் எங்களுக்கு ஒரு தடவை நடந்தது. வாய்தான் காரணமா, சர்க்கரை கூடிப்போனதா என்று மருமகனும் நானும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

வோட்காவைப் பற்றி: அதில் ஆல்கஹால் 40 சதவீதம்தான். கிருமி கொல்ல 60 சதவீதத்துக்கு மேல் வேண்டும், அதுவும் கொஞ்ச நேரம் பட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஐந்து விநாடி கொப்பளிப்பதில் வாய் சுத்தமாகாது. கொப்பளித்ததை யாராவது துப்புகிறார்களா என்பது தனிக் கேள்வி.

சைபன் ஏன் ஓடுகிறது என்பது புரிந்துவிட்டால் செய்முறையை மனப்பாடம் செய்ய வேண்டாம். கிணற்று ராட்டினத்தில் ஒரு கயிறு தொங்குகிறது என்று வை. ஒரு பக்கம் நீளம் அதிகம் என்றால் அந்தப் பக்கம் கனத்து, கயிறு முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். டியூபுக்குள் இருக்கும் தண்ணீர்தான் கயிறு. வெளிமுனை, பாத்திரத்திலிருக்கும் திரவ மட்டத்தைவிடக் கீழே இருக்கும்வரை அந்தப் பக்கம்தான் கனம். கயிறு நடுவே அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது வெளிக்காற்றின் அழுத்தம். காற்றுக் குமிழ் ஒன்று டியூபின் உச்சியில் போய் உட்கார்ந்தால் கயிறு அறுந்த கதைதான். நீ வாயால் உறிஞ்சும்போது செய்வது வேறொன்றுமில்லை, கயிற்றை ஒரு தடவை ராட்டினத்துக்கு மேல் ஏற்றிவிடுகிறாய். அதை ஏற்ற வாய்தான் வேண்டும் என்று என்ன கட்டாயம்?

கொத்தனார் சுவருக்குச் சுவர் மட்டம் பார்க்க கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்புவதைச் சின்ன வயதில் பார்த்திருப்பாய். குமிழ் ஒன்றும் தங்காமல் விரலால் சுண்டிச் சுண்டி மேலே ஏற்றி விடுவார். அவர் எதற்குக் குமிழை விரட்டுகிறாரோ அதே காரணத்துக்காகத்தான் நாமும் விரட்டுகிறோம்.

செய்முறைக்கு வா. உனக்குத் தேவை வளைந்த கழுத்துள்ள கெட்டிக் குழாய் ஒன்று (பீர்ச் சாமான் கடையில் ரேக்கிங் கேன் என்று கேள்), அதில் மாட்டும் 2 மீட்டர் டியூப், டியூபை நசுக்கி அடைக்கும் பிளாஸ்டிக் கிளிப், ஒரு ஜக்கு. கிளிப் இரண்டு பவுண்டு கூட இருக்காது, ஆனால் எல்லாச் சாமானிலும் அதுதான் முக்கியம். பெருவிரலை வைத்து அடைப்பேன் என்று வீராப்புப் பேசாதே, ஈரத்தில் விரல் வழுக்கும், விரலிலும் கிருமி உண்டு.

கேன், டியூப், கிளிப் எல்லாவற்றையும் கழுவி, கிருமிநீக்கியில் ஊறவை. ஸ்டார் சான் என்றால் லிட்டருக்குச் சுமார் 1.5 மில்லி, இரண்டு நிமிடம் ஈரமாக இருந்தால் போதும், திரும்ப அலச வேண்டாம். நுரை வருகிறதே என்று பயப்படாதே. அது பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவம். வீட்டில் இருக்கிற பிளீச்சோடு அதை ஒருநாளும் சேர்த்துவிடாதே, குளோரின் வாயு வரும். ஆலையில் ஒரு தடவை குளோரின் கசிவு வாடை பட்டவன் நான், அந்தத் தொண்டை எரிச்சலை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

இப்போது கேனையும் டியூபின் முனையையும் இரண்டு கையில் மேலே தூக்கிப் பிடி, நடுவே டியூப் தொட்டில் மாதிரி தொங்க வேண்டும். யாரையாவது கூப்பிட்டு ஒரு முனையில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை ஊற்றச் சொல். கிருமிநீக்கி கலந்த தண்ணீரையே ஊற்றினாலும் சரி. மறுமுனையில் தளும்பும்வரை நிரம்பட்டும். தொங்கும் இடத்தைச் சுண்டி, குமிழ் எல்லாவற்றையும் விரட்டு. பிறகு டியூபின் முனைக்குப் பக்கத்தில் கிளிப்பை இறுக்கு.

கேனைத் தலைகீழாகத் திருப்பிப் பீருக்குள் இறக்கும்போது தண்ணீர் கொட்டிவிடாதா என்று கேட்டாய். இளநீர் கடையில் ஸ்ட்ராவின் மேல் வாயை விரலால் மூடிக்கொண்டு தூக்கினால் உள்ளே இருப்பது கீழே விழாமல் நிற்கும் இல்லையா, அதே மாதிரிதான். மறுமுனை அடைபட்டிருப்பதால் நாலு சொட்டு போகலாம், அவ்வளவுதான். மெதுவாக, ஆட்டாமல் இறக்கு. கேனின் அடியில் ஒரு சின்னத் தொப்பி இருக்கும், அதைக் கழற்றாதே. அடியில் படிந்த ஈஸ்டுக்கு மேலிருந்து மட்டும் பீர் ஏறுவதற்காகத்தான் அது.

டியூபின் முனையைத் தரையில் வைத்த ஜக்குக்குள் விட்டுக் கிளிப்பைத் திற. முதலில் தண்ணீர் வரும். 2 மீட்டர் டியூப், 8 மில்லிமீட்டர் உள்விட்டம் என்றால் உள்ளே இருப்பது மொத்தம் 100 மில்லிதான். நிறம் மாறிப் பீர் வந்ததும் கிளிப்பை அடை. முனையைப் பாட்டிலிங் பக்கெட்டுக்கு மாற்று, திற. முடிந்தது. ஜக்கில் விழுந்த பீர் ஒரு கால் டம்ளர் இருக்கும். அதை ருசி பார்க்கும் உரிமை கிளிப் பிடித்தவருக்கு, தண்ணீர் ஊற்றியவருக்கு இல்லை.

ஃபெர்மென்டர் (பீர் நொதிக்கிற பாத்திரம்) மேஜை மேல், பக்கெட் தரையில். பீர் மட்டத்துக்கும் வெளிமுனைக்கும் ஒரு மீட்டர் இறக்கம் இருந்தால் 20 லிட்டர் ஏழெட்டு நிமிடத்தில் இறங்கிவிடும். அந்த நேரத்தில் போனை எடுக்காதே. மேஜை மேல் பாத்திரத்தை முந்தின நாள் இரவே ஏற்றி வைத்துவிட வேண்டும். அன்றைக்கே தூக்கினால் அடியில் படிந்ததெல்லாம் கலங்கும், பிறகு எந்தக் கேனும் எந்தத் தொப்பியும் உதவாது.

நடுவில் ஓட்டம் நின்றுவிடுகிறது என்று சொன்னாயே, அதற்குக் காரணம் பெரும்பாலும் பீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு. டியூபின் உச்சியில் அழுத்தம் குறைவு, அதனால் வாயு அங்கே குமிழாகப் பிரிந்து சேரும். நுரை மாதிரி ஒரு இடைவெளி தெரிந்தால் வெளிமுனையை இன்னும் கொஞ்சம் தாழ்த்து, டியூபை விரலால் சுண்டு. போகவில்லை என்றால் கிளிப்பை அடைத்துவிட்டு மறுபடியும் தண்ணீர் நிரப்பித் தொடங்கு. அவசரத்தில் வாயை வைத்துவிடுகிற இடம் இதுதான். டியூப் கேனோடு சேருமிடத்தில் காற்று உள்ளே இழுக்கிறதா என்றும் பார். பழைய டியூபின் வாய் தளர்ந்துவிடும், ஒரு அங்குலம் வெட்டிவிட்டு மாட்டினால் சரியாகும்.

காற்றைப் பற்றிச் சொல்ல இன்னொன்று இருக்கிறது, வாயைவிட அதிகப் பீரைக் கெடுப்பது அதுதான் என்பது என் எண்ணம். டியூபின் முனை பக்கெட்டின் அடியைத் தொட்டுக்கொண்டு, வட்டமாகச் சுருண்டு படுத்திருக்க வேண்டும். மேலிருந்து தண்ணீர்த் தொட்டிக் குழாய் மாதிரி சளசளவென்று கொட்டினால் பீர் ஆக்சிஜனைக் குடித்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும். நொதிக்கும் முன் காற்று நல்லது, ஈஸ்டுக்கு வேண்டும். நொதித்து முடிந்த பின் காற்று விரோதி. நம் வீட்டில் டீயைத் தூக்கி ஆற்றுகிற கைக்குப் பீரைக் கொடுக்கக் கூடாது. பாட்டிலுக்கான சர்க்கரையை (லிட்டருக்கு 6 கிராம் கணக்கு) கொஞ்சம் தண்ணீரில் கொதிக்க வைத்து ஆற்றி, காலிப் பக்கெட்டில் முதலிலேயே ஊற்றிவிடு. சுருண்ட டியூபிலிருந்து வரும் பீர் சுழன்று தானாகக் கலக்கிவிடும், கரண்டி தேவைப்படாது.

ஆட்டோ சைபன் என்று ஒன்று விற்கிறார்கள், சைக்கிள் பம்ப் மாதிரி இரண்டு தடவை இழுத்து அழுத்தினால் ஓட ஆரம்பிக்கும். வாங்கலாம், வசதிதான். உள்ளே இருக்கிற ரப்பர் தேய்ந்தால் காற்று இழுக்கும், அதைக் கழற்றிக் கழுவ மறந்தால் அழுக்குத் தங்கும். அதற்காகவும் தண்ணீர் முறையைத் தெரிந்து வைத்துக்கொள்.

பாத்திரத்தின் மூடியில் இரண்டு ஓட்டை போட்டு, ஒன்றில் ஊதினால் இன்னொன்றில் பீர் வரும் என்று ஒரு வழியும் உண்டு. கிருமி வடிகட்டி வைத்து மெல்ல ஊதலாம் என்பார்கள். எனக்குப் பிடிக்காது. ஏனென்றால் அடுத்த தடவை யாராவது டயர் பம்பை மாட்டுவார்கள். கண்ணாடி ஜாடி உள் அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டது அல்ல.

கண்ணாடி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். உன் ஃபெர்மென்டர் கண்ணாடி ஜாடி என்றாய். 20 லிட்டர் நிரம்பிய ஜாடி 25 கிலோவுக்கு மேல் இருக்கும். ஈரக் கையோடு கழுத்தைப் பிடித்துத் தூக்காதே. கழுத்து கையோடு வந்து மிச்சம் காலில் விழுந்தால் நரம்பு அறுபடும். பிளாஸ்டிக் பால் கிரேட் ஒன்றில் உட்கார வைத்து, கிரேட்டைப் பிடித்துத் தூக்கு. கொதிக்கும் தண்ணீரை அதில் ஊற்றிக் கழுவவும் வேண்டாம், சட்டென்று விரிசல் விடும்.

காய்ச்சி இறக்கின சூடான வோர்ட்டை, அதாவது ஈஸ்ட் போடாத இனிப்புச் சாற்றை, சைபனில் மாற்றலாமா என்றும் கேட்டாய். கூடாது. சூட்டில் டியூப் இளகித் தானாகவே நசுங்கும், ஆட்டோ சைபன் கோணிப்போகும், கை வெந்துவிடும். இதெல்லாம் இல்லையென்றாலும் கொதிநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் திரவம் டியூப் உச்சியில் ஆவியாகிக் கயிற்றை அறுத்துக்கொண்டே இருக்கும். முதலில் ஆறட்டும்.

பழகுவதற்குப் பீரை வீணாக்க வேண்டாம். அன்றைக்கு மாடியில் செய்ததையே திரும்பச் செய்துபார்: 20 லிட்டர் தண்ணீரில் டீத்தூள் டிகாக்ஷன் கலந்து பீர் நிறத்துக்குக் கொண்டுவா, ஒரு கைப்பிடி அரிசி மாவைக் கரைத்து ஊற்றி ராத்திரி முழுக்க அசையாமல் வை. மாவு அடியில் ஈஸ்ட் மாதிரி படிந்துவிடும். டியூபில் வெறும் தண்ணீர் எப்போது நிறம் மாறுகிறது, கேனை எவ்வளவு கீழே இறக்கினால் மாவு ஏறுகிறது, எங்கே நிறுத்த வேண்டும் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அன்றைக்கு நீ மாவு ஏறிய பிறகுதான் கிளிப்பை அடைத்தாய். கடைசி இரண்டு லிட்டருக்கு வந்ததும் ஜாடியை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு மரக்கட்டையை அடியில் கொடுத்துவிடு. அடியில் ஒரு லிட்டர் தங்கினால் தங்கட்டும். அந்த ஒரு லிட்டருக்கு ஆசைப்பட்டால் 40 பாட்டிலும் கலங்கும்.

வேலை முடிந்த உடனே டியூபில் வெந்நீரை ஓடவிட்டு, துணி காயப்போடுகிற கொடியில் இரண்டு முனையும் கீழே பார்க்கத் தொங்கவிடு. சுருட்டி வைத்தால் உள்ளே ஈரம் தங்கிக் கறுப்புப் படியும். கறுப்பு வந்த டியூபைக் கழுவிக் காப்பாற்றப் பார்க்காதே, தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கு. அப்புறம், கொத்தனார் டியூப் என்று நான் சொன்னதற்காக நெல்லித்தோப்பு ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டாயாமே, அக்கா சொன்னாள். அந்தப் பிளாஸ்டிக் உணவுப்பொருளுக்கானது அல்ல. பர்மிங்காமில் பீர்ச் சாமான் கடையிலேயே உணவுத் தரமுள்ள சிலிக்கோன் டியூப் கிடைக்கும், அதை வாங்கு. பெட்டியில் இருக்கிறதை உன் அப்பாவிடம் கொடுத்துவிடு, மாடித் தொட்டியைக் கழுவ உதவும்.